கல் சுமந்தவர் கணக்கு

பெரிய பிரமிடைக் கட்டியவன் கூபு மன்னன். வகுப்பறைகளில் நாம் சொல்லிக்கொடுக்கும் விடை இது. தேர்வுத் தாளில் இதனை எழுதும் மாணவனுக்கு முழு மதிப்பெண்ணும் வழங்குகிறோம். ஆனால், கடைசி வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்த மன்னன் எத்தனை கல் தூக்கினான்?" என்று கேட்டுவிட்டால், நாம் என்ன விடை கூறுவோம்?

கட்டச் சொன்னவன் ஒருவன், கட்டியவர் பல்லாயிரவர். சொன்னவன் பெயர் கல்லில் நிலைத்தது. சுமந்தவர் பெயர் மணலில் புதைந்தது. எகிப்தின் மூவாயிரம் ஆண்டு வரலாற்றை மன்னர் வரிசையாகவே படித்துப் பழகிவிட்டோம் நாம். அந்நாட்டின் கலையைக் கண்டு வியக்கிறோம், வியக்கத்தான் வேண்டும். எனினும் அந்தக் கலையைப் படைத்த கைகளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பது வரலாறு படிப்பவரின் கடமையன்றோ! அந்தக் கேள்வியைக் கையில் விளக்காக ஏந்திக்கொண்டு நைல் ஆற்றங்கரையில் நடந்து பார்ப்போம்.

ஆண்டுதோறும் நைல் பெருகும். வெள்ளம் வடியும்போது கரிய வண்டலைக் கரைகளில் விட்டுச் செல்லும். அதனால் எகிப்தியர் தம் நாட்டைக் 'கறுப்பு நிலம்' என்றே அழைத்தனர். இருமருங்கும் கிடந்த பாலையைச் 'செந்நிலம்' என்றனர். கறுப்பு நிலம் வாழ்பவர்க்கு, செந்நிலம் இறந்தவர்க்கு எனப் பங்கிட்டுக்கொண்டனர். வாழ்வதற்குக் களிமண் செங்கல்லால் வீடு. இறந்தபின் இருப்பதற்குக் கருங்கல்லால் மாளிகை! மன்னனின் வாழ்க்கை முழுவதும் அவனது சாவுக்குச் செய்யும் ஆயத்தமாயிற்று. அந்த ஆயத்தத்துக்கு நாடு முழுவதும் உழைத்தது.

கி.மு. 3100 வாக்கில் மேல் எகிப்தும் கீழ் எகிப்தும் ஒரு குடைக்கீழ் வந்தன. அக்காலத்தைக் காட்டும் கற்பலகை ஒன்று 1897-98 ஆண்டுகளின் அகழாய்வில் ஹைராகான்போலிஸ் என்னும் ஊரில் கிடைத்தது. நார்மர் பலகை என்பது அதன் பெயர். உயரம் 64 செண்டிமீட்டர். அதிலே மன்னன் நார்மர் தண்டாயுதத்தை ஓங்கியபடி நிற்கிறான். மண்டியிட்ட பகைவனின் மயிர் அவன் பிடியில் இருக்கிறது. மன்னனுக்குப் பின்னே அவனுடைய செருப்பைத் தூக்கிக்கொண்டு ஒருவன் நிற்கிறான். அந்தச் செருப்புத் தூக்கி மன்னனின் இடுப்பளவுகூட இல்லை. அவன் சிறுவனோ? குள்ளனோ? இரண்டும் இல்லை. அவன் பணியாள், ஆகவே சிறியவன்!

எகிப்தியக் கலையின் முதல் இலக்கணம் இங்கேயே எழுதப்பட்டுவிட்டது. உயர்ந்தவன் பெரிதாக இருப்பான்; தாழ்ந்தவன் சிறிதாக இருப்பான். முகம் பக்கவாட்டில் தெரியும். கண்ணும் தோளும் நேராகத் தெரியும். கால்கள் மீண்டும் பக்கவாட்டில் நடக்கும். சுவரில் கட்டங்கள் வரைந்து, அந்தக் கட்டக் கணக்குப்படி உருவத்தை நிறுத்துவர். இந்த முறை, சிற்சில மாறுதல்களுடன், ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகள் நீடித்தது. கண்ணால் கண்டதை வரையத் தெரியாதவர்கள் என்று அவர்களை எண்ணிவிடக் கூடாது. மெய்தூம் என்னும் இடத்துக் கல்லறையில் அவர்கள் தீட்டிய வாத்துகளின் இறகுகளைப் பார்ப்பவர், அந்தக் கண்களின் கூர்மையை ஒப்புக்கொள்வர். வாத்தை உள்ளபடி வரைய ஓவியனுக்கு உரிமை இருந்தது. மன்னனை உள்ளபடி வரையத்தான் உரிமை இல்லை.

அடுத்து வருவது பழைய அரசுக் காலம், கி.மு. 2686 முதல் 2181 வரை என்பர். மூன்றாம் மரபைச் சேர்ந்த ஜோசர் மன்னனுக்காகச் சக்காராவில் ஆறு படிகள் கொண்ட கற்கோபுரம் எழுந்தது. உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். அதை அமைத்தவனாகப் போற்றப்படுபவன் இம்ஹோத்தெப். ஜோசரின் சிலைப் பீடத்திலேயே அவன் பெயர் பொறிக்கப்பட்டது. எகிப்தில் ஓர் அறிஞனுக்குக் கிடைத்த அரிய சிறப்பு அது. பிற்காலத்தார் என்ன செய்தனர்? இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து அவனை நோய் தீர்க்கும் கடவுளாக்கிப் படையல் வைத்தனர். அறிஞனின் வழியில் நடப்பதைவிட அவன் சிலையின் முன்னே நெடுஞ்சாண்கிடையாக விழுவது எளிதல்லவா!

நூறாண்டுகள் உருண்டன. கி.மு. 2560 வாக்கில் கீசாவில் கூபுவின் பிரமிடு வானளாவி நின்றது. அடிப்பக்கம் ஒவ்வொன்றும் 230 மீட்டர். எழுப்பியபோது உயரம் 146 மீட்டர். அடுக்கிய கற்கள் சுமார் 23 இலட்சம். மன்னனின் அறைக்கு மேலே கிடக்கும் கருங்கல் உத்தரங்கள் சில 50 டன்னுக்கு மேற்பட்ட எடையுடையவை. ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அஸ்வானிலிருந்து ஆற்றுவழியே வந்தவை. இரும்புக் கருவி இல்லை. செம்பு உளியும் கற்குண்டும் மரச்சறுக்கும் கயிறும் மனிதத் தோளுமே இருந்தன.

அந்தத் தோள்கள் யாருடையவை? இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து எகிப்துக்கு வந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ், ஓர் இலட்சம் பேர் முறைவைத்து உழைத்தனர் என்று கேட்டதை எழுதினார். சவுக்கடி வாங்கும் அடிமைக் கூட்டத்தைத் திரைப்படங்கள் நமக்குக் காட்டின. ஆனால் 1990-இல் கீசாவில் உழைப்பாளரின் இடுகாடு வெளிப்பட்டது. பிரமிடின் நிழலிலேயே, களிமண் செங்கல்லால் எழுப்பிய சிறு கல்லறைகள்! அருகே அவர்கள் வாழ்ந்த குடியிருப்பும், ரொட்டி சுட்ட அடுப்படிகளும், அவர்கள் தின்ற மாட்டின் எலும்புகளும் கிடைத்தன. அடிமைகளை மன்னனின் கல்லறைக்கு அருகே மரியாதையுடன் புதைப்பார்களா என்ற கேள்வி எழுந்தது. இன்று ஆய்வாளர் பலர் கூறுவது இதுதான்: நிலையான கைவினைஞர் சிலரும், நாட்டின் பல பகுதிகளிலிருந்து முறைவைத்து அழைக்கப்பட்ட உழவர் பலருமாகச் சில பதினாயிரம் பேர் இதனைக் கட்டினர்.

2013-இல் செங்கடற்கரையில் வாதி அல்-ஜர்ப் என்ற இடத்தில் பாப்பிரஸ் ஏடுகள் கிடைத்தன. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையவை அவை. மேரர் என்னும் மேற்பார்வையாளன் எழுதிய நாட்குறிப்பு அவற்றில் இருந்தது. தூரா மலையில் வெட்டிய வெள்ளைச் சுண்ணக்கல்லைப் படகிலேற்றிக் கீசாவுக்குக் கொண்டுசென்ற கணக்கை அவன் நாள்தோறும் எழுதியிருக்கிறான். பிரமிடு கட்டிய ஒருவனின் கையெழுத்தை இன்று நாம் படிக்கிறோம். வேலைக் குழுக்கள் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர்களும் கற்களில் உள்ளன. 'கூபுவின் நண்பர்கள்' என்றது ஒரு குழு. 'மென்கவ்ரேயின் குடிகாரர்கள்' என்று தன்னையே கேலி செய்துகொண்டது இன்னொரு குழு. உழைப்பவனின் நகைச்சுவையைக் கருங்கல்லும் நசுக்கவில்லை!

சவுக்கு இல்லை என்பதால் சுமை இல்லை என்று ஆகிவிடுமா? அந்த இடுகாட்டு எலும்புகளைப் பாருங்கள். முறிந்து, கட்டுப்போட்டு, பின்னர் ஒட்டிய கைகள், வெட்டி எடுத்தபின் ஆறிய உறுப்புகள், தேய்ந்த முதுகெலும்புகள். மருத்துவம் செய்தார்கள், மறுக்கவில்லை. மறுபடியும் கல் தூக்கத்தான் செய்தார்கள். தன் வயலிலிருந்து அழைக்கப்பட்ட உழவன், 'வர முடியாது' என்று சொல்லும் உரிமை பெற்றிருந்தானா என்பதே கேள்வி.

அக்காலச் சிற்பியின் திறனுக்கு ஒரு சான்று கூறுவோம். பழைய அரசுக் காலத்து மரச்சிலை ஒன்று 1860-இல் சக்காராவில் வெளிப்பட்டது. பெருத்த வயிறு, உருண்டை முகம், கையில் கோல். கா-அப்பேர் என்பவனுடைய உருவம் அது. மண்ணைத் தோண்டிய கூலியாட்கள் அதைக் கண்டதும், தங்கள் ஊர்த்தலைவரே நிற்பதாகச் சொல்லிச் சிரித்தார்களாம். இன்றும் அச்சிலைக்கு 'ஊர்த்தலைவர்' என்ற பொருளுடைய அரபுப் பெயரே வழங்குகிறது. நான்காயிரம் ஆண்டுகளைத் தாண்டி, ஓர் உழைப்பாளி செதுக்கியதை இன்னோர் உழைப்பாளி உடனே புரிந்துகொண்டான். இடையில் எந்த உரையாசிரியரும் தேவைப்படவில்லை.

பழைய அரசு சரிந்தது. மாவட்டத் தலைவர்கள் குறுநில மன்னராயினர். பஞ்சமும் பூசலும் வந்தன. கி.மு. 2055 வாக்கில் இரண்டாம் மென்துஹோத்தெப் நாட்டை மீண்டும் ஒன்றாக்கினான். நடு அரசுக் காலம் என்பர் இதனை. மூன்றாம் செனுஸ்ரெத்தின் சிலைகளைப் பார்ப்பவர் திடுக்கிடுவர். கனத்த இமைகள், குழிந்த கன்னம், கவலைக் கோடுகள். மன்னனும் களைப்படைவான் என்று கல் முதன்முதலாக ஒப்புக்கொண்டது. நாவன்மை மிக்க உழவன் ஒருவனின் கதையும் இக்காலத்தில் எழுந்தது. பொருளைப் பறிகொடுத்த அவன், ஒன்பது முறை அதிகாரியின் முன் நின்று நீதி கேட்கிறான். அவன் பேச்சு இனிக்கிறது என்பதற்காகவே தீர்ப்பைத் தள்ளிப்போடுகிறார்கள்! அவன் வழக்கு வென்றது. ஆனால், ஏழை பேசுவதைச் சுவைத்துவிட்டு அவன் குறையைத் தள்ளிவைக்கும் வழக்கத்துக்கு எவ்வளவு நீண்ட வரலாறு இருக்கிறது, பாருங்கள்!

மறுமையின் கதையும் இங்கே மாறிற்று. பழைய அரசின் இறுதியில், உனாஸ் மன்னன் காலம் முதற்கொண்டு, பிரமிடின் உட்சுவரில் எழுதிய மந்திரங்கள் அரச குடும்பத்துக்கே உரியவையாக இருந்தன. நடு அரசில் அவை பிறருடைய சவப்பெட்டிகளுக்கும் இறங்கின. புதிய அரசில் 'இறந்தோர் நூல்' என்னும் பாப்பிரஸ் சுருளாயின. பெயர் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, முன்கூட்டியே எழுதிவைத்த சுருள்களும் உண்டு. வாங்குபவனின் பெயரைப் பின்னர் நிரப்பினால் போதும்! இறந்தவனின் இதயத்தைத் தராசில் நிறுத்தும்போது, அந்த இதயமே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடாதிருக்கவும் ஒரு மந்திரம் இருந்தது. அதை வண்டு வடிவக் கல்லில் பொறித்து உடலோடு வைத்தனர். நீதியைப் போதித்த அதே மதம், நீதியிலிருந்து தப்பிக்கும் வழியையும் காட்டியது. மனச்சாட்சியின் வாயைக் கட்டக் கல் வண்டு போதுமென்றால், வசதியுள்ளவன் நேர்மையாக ஏன் வாழ வேண்டும்?

கி.மு. 1550 வாக்கில் ஹிக்சோஸ் என்னும் அயலவரை விரட்டிப் புதிய அரசு பிறந்தது. குதிரையும் தேரும் வில்லும் கொண்டு எகிப்து பேரரசாயிற்று. போரில் வென்ற பொருளின் பெரும்பங்கு தீப்ஸ் நகரத்து அமுன் கடவுளுக்குக் காணிக்கையாயிற்று. கர்னக் கோயில் தலைமுறைதோறும் வளர்ந்தது. ஹாத்ஷெப்சுத் என்ற பெண்மணி பாரோவாக அமர்ந்து இருபதாண்டுக் காலம் திறம்பட ஆண்டாள். பந்து நாட்டுக்குக் கப்பல் அனுப்பி நறுமணப் பொருள் கொணர்ந்தாள். தெய்ர் எல் பஹ்ரியில் மலையடிவாரத்தில் எழில்மிகு கோயில் எழுப்பினாள். அத்தகையவளும் தான் அமுன் கடவுளுக்கே பிறந்தவள் என்று சுவரில் கதை தீட்டித்தான் ஆள வேண்டியிருந்தது. அவளுக்குப்பின் அவள் உருவங்களும் பெயரும் பல இடங்களில் சுரண்டி அழிக்கப்பட்டன.

இந்தக் கோயில் ஆதிக்கத்தை எதிர்த்து ஒரு மன்னன் எழுந்தான். நான்காம் அமென்ஹோத்தெப் என்று முடிசூடியவன், தன் பெயரிலிருந்த அமுனைத் துறந்து அகெநாத்தன் ஆனான். காலம் கி.மு. 1353 முதல் 1336 வரை என்பர். கதிரவனின் ஒளிவட்டமான அத்தனைத் தவிர வேறு தெய்வம் வேண்டாம் என்றான். அமுனின் பெயரைக் கல்வெட்டுகளிலிருந்து உளிகொண்டு அகற்றச் செய்தான். தந்தையின் பெயரிலிருந்த அமுனும் தப்பவில்லை! தீப்ஸை விட்டு நீங்கி, இன்று அமர்னா எனப்படும் இடத்தில் புதுத் தலைநகர் கண்டான்.

கலையும் கட்டு நீங்கிற்று. மன்னனின் நீண்ட முகமும் தொங்கும் வயிறும் ஒளிவின்றிச் சுவரில் ஏறின. மன்னனும் அரசி நெபர்த்தித்தியும் குழந்தைகளை மடியில் வைத்துக் கொஞ்சும் காட்சியைச் சிற்பிகள் செதுக்கினர். துத்மோஸ் என்னும் சிற்பியின் பட்டறையில் 1912-இல் கிடைத்த நெபர்த்தித்தியின் வண்ணச் சிலை இன்று பெர்லின் நகரில் இருக்கிறது. உலகமே அம்முகத்தை அறியும். அதைப் படைத்தவன் பெயரும் தெரிந்திருப்பது ஓரளவு ஆறுதல்.

சீர்திருத்தத்தில் நாட்டமுள்ள நாம் இவனைக் கண்டவுடன் கைதட்டத் தோன்றும். குருமாரின் கோட்டையைத் தகர்த்தவன், பழமையை எதிர்த்தவன், புதுமையைப் படைத்தவன் எனப் புகழ்மாலை சூட்டத் தோன்றும். துணிவைப் பாராட்டுவோம். ஆனால் கையிலேந்திய விளக்கைக் கீழே வைத்துவிட வேண்டாம். அந்த நகரைக் கட்டியவர்களின் இடுகாட்டுக்கும் செல்வோம்.

அமர்னாவில் 2006 முதல் நடந்த அகழாய்வுகள் எளிய மக்களின் புதைகுழிகளைத் திறந்தன. மணலில் தோண்டிய குழி. பாயில் சுற்றிய உடல். தங்கம் இல்லை, சவப்பெட்டிகூடப் பலருக்கு இல்லை. வளர்ச்சி குன்றிய எலும்புகள், சத்தில்லாத உணவின் அடையாளங்கள், பெருஞ்சுமை தூக்கியதால் நொறுங்கிய முதுகுகள். 2015-இல் தோண்டிய வேறோர் இடுகாட்டில் கிடந்தவர்களுள் பெரும்பாலோர் ஏழு வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடைப்பட்டவர்கள். ஏழு வயது! பலகையும் பலப்பமும் ஏந்த வேண்டிய கைகள் அவை. விரைந்து கட்டுவதற்காக, ஓர் ஆள் தூக்கக்கூடிய அளவில் கற்களை வெட்டுவித்தான் அகெநாத்தன். நீளம் ஏறத்தாழ 52 செண்டிமீட்டர். ஓர் ஆள் தூக்கலாம் என்பது அளவு. எத்தனை நாள் தூக்கலாம் என்பதற்கு அளவில்லை.

அத்தனை நேராக வணங்கும் உரிமையும் மன்னனுக்கும் அவன் குடும்பத்துக்குமே இருந்தது. மக்கள் மன்னன் வழியாகத்தான் வணங்க வேண்டும். தரகரை ஒழித்தவன் தானே தரகனானான். கடவுளின் பெயர் மாறிற்று. காணிக்கை சேரும் இடம் மாறிற்று. கூலியாளின் முதுகுச் சுமை மாறவில்லை. அதனால்தான் அவன் மறைந்ததும் மக்களிடமிருந்து அவனுக்காக ஒரு குரலும் எழவில்லை. மேலிருந்து ஆணையாக இறங்கிய மாற்றம், ஆணையிட்டவனோடு மாண்டது. சிறுவன் துத்தன்காத்தன், துத்தன்காமுன் ஆனான். அமுன் கோயில்கள் மீண்டும் திறந்தன. அவன் கல்லறையை 1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்தார். பதினெட்டு, பத்தொன்பது வயதில் மாண்ட அந்த இளைஞனின் முகத்தில் மட்டும் 10 கிலோ தங்கம் இருந்தது!

பின்னர் வந்த இரண்டாம் ராம்சேஸ் 66 ஆண்டுகள் ஆண்டான். அபு சிம்பலில் 20 மீட்டர் உயரத்தில் நான்கு முறை தன்னையே செதுக்குவித்தான். முன்னோரின் சிலைகள் பலவற்றிலும் தன் பெயரைப் பொறித்துக்கொண்டான். வெற்றி தோல்வி இன்றி முடிந்த கதேஷ் போரைக் கோயில்தோறும் வெற்றியாகத் தீட்டுவித்தான். விளம்பரக் கலைக்கு அவனை முன்னோடி எனலாம்.

இந்தப் பெருமிதங்களுக்கு இடையே ஒரு சிற்றூர் இருக்கிறது. மன்னர் பள்ளத்தாக்கில் கல்லறைகளைக் குடைந்து, பூசி, வண்ணம் தீட்டியவர்களின் ஊர் அது. தெய்ர் எல் மெதினா என்று இன்று வழங்குகிறது. மதிலுக்குள் ஏறத்தாழ எழுபது வீடுகள். அங்கே வாழ்ந்தவர் பலர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். ஆகவே கல்லோட்டிலும் மட்பாண்ட ஓட்டிலும் தம் வாழ்க்கையை எழுதிவைத்தனர்: கடன் கணக்கு, காதற்பாட்டு, வழக்கு, வம்பு. வேலைக்கு வராதவர் பட்டியல் ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது; இரண்டாம் ராம்சேஸின் 40-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஒருவனுக்குக் கண் நோய். ஒருவனைத் தேள் கொட்டிற்று. ஒருவன் வீட்டில் மது வடித்தான். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய விடுப்பு விண்ணப்பங்கள்!

அவர்களுக்குக் கூலி தானியமே. சாதாரண வேலையாளுக்கு மாதம் ஐந்தரை மூட்டைக் கோதுமையும் பார்லியும். மேலாளுக்கு ஏழரை மூட்டை. மீனும் காய்கறியும் எண்ணெயும் துணியும் அதனுடன் வரவேண்டும். மூன்றாம் ராம்சேஸின் 29-ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 1157 வாக்கில், அது வரவில்லை. மாதம் பிறந்து பதினெட்டு நாளாயிற்று, மூட்டை வரவில்லை. மன்னனின் முப்பதாம் ஆண்டு விழாவுக்கு நாடெங்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்த நேரம் அது. கருவிகளைக் கீழே வைத்தனர் கல்லறைத் தொழிலாளர். காவற் சுவர்கள் ஐந்தையும் கடந்து வெளியே வந்தனர். கோயில் ஒன்றின் பின்புறத்தில் அமர்ந்துவிட்டனர்.

அதிகாரிகள் வந்தனர், உள்ளே போகச் சொன்னனர், உறுதிமொழி கொடுத்தனர். தொழிலாளர் அசையவில்லை. பசியும் தாகமுமே தம்மை இங்கே கொண்டுவந்தன. உடுத்தத் துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை. இதை மன்னனுக்கு எழுதுங்கள் என்றனர். மறுநாளும் வந்தனர். இரண்டாம் ராம்சேஸின் நினைவுக் கோயிலுக்குள்ளும் புகுந்து அமர்ந்தனர். தானியம் வந்தது! அடுத்த மாதமும் கூலி நின்றது. அவர்களும் மீண்டும் வெளியே வந்தனர். பசிக்காக மட்டும் வரவில்லை, இங்கே முறைகேடு நடக்கிறது என்று சொல்லவும் வந்திருக்கிறோம் என்றனர். எழுத்தன் அமென்னக்த் எழுதிய இந்த விவரம் இத்தாலியின் தூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலக வரலாற்றில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இது என்பர்.

மூட்டை ஏன் வரவில்லை? களஞ்சியம் காலியா? அதே மன்னனின் ஆட்சி முடிவில் எழுதிய மற்றொரு பாப்பிரஸ் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஹாரிஸ் பாப்பிரஸ் எனப்படும் அதன் நீளம் 40 மீட்டருக்கு மேல்! கோயில்களின் உடைமையும் மன்னன் அளித்த கொடையும் அதில் வரிசையாக உள்ளன. தீப்ஸ் கோயில்களுக்கு உரியவராக மட்டும் 86,000-க்கு மேற்பட்ட ஆட்கள், 4 இலட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள், நானூற்றுக்கு மேற்பட்ட தோட்டங்கள். போரும் விளைச்சல் குறைவும் விலையேற்றமும் நாட்டைத் தளர்த்தியது உண்மை. ஆயினும், கல்லறைத் தொழிலாளிக்கு ஐந்தரை மூட்டை இல்லாத அதே நாட்டில், உண்ணாத கடவுளின் களஞ்சியம் நிரம்பியிருந்தது. இரண்டு பாப்பிரஸ்களையும் அருகருகே விரித்துப் பாருங்கள். எகிப்து ஏன் வீழ்ந்தது என்பதற்குத் தனி விளக்கவுரை வேண்டியதில்லை.

அரை நூற்றாண்டுக்குள் கல்லறைக் கொள்ளைகள் பெருகின. ஒன்பதாம் ராம்சேஸ் காலத்து விசாரணை ஏட்டில் அமென்பனூபர் என்ற கல்தச்சனின் வாக்குமூலம் உள்ளது. மன்னன் ஒருவனின் கல்லறையைக் குடைந்து, பொன்னை உரித்து, சவப்பெட்டியை எரித்துவிட்டதாகச் சொல்கிறான். பிடிபட்டதும் தன் பங்கை அதிகாரிக்குக் கொடுத்து வெளியே வந்தானாம். மீண்டும் கொள்ளைக்குப் போனானாம். திருட்டைப் போற்ற வேண்டியதில்லை. ஆனால் கல்லறை கட்டியவனின் பிள்ளைகளைப் பட்டினி போட்டுவிட்டு, கல்லறைக்குள் பொன்னைக் குவித்த நாடு வேறு எதை எதிர்பார்த்தது?

விரைவில் அமுனின் தலைமைக் குரு ஹெரிஹோர் கர்னக் சுவரில் முடிமன்னனாகவே தன்னைத் தீட்டிக்கொண்டான். தெற்கே குருமாரின் ஆட்சி. அவர்களே மன்னர்களின் உடல்களை எடுத்து, மீந்திருந்த பொன்னைக் கழற்றி, புதுத் துணி சுற்றி, மலைப்பொந்தில் ஒன்றாக அடுக்கினர். 1881-இல் அந்தப் பொந்து வெளிப்பட்டது. அங்கிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கிடைத்த 22 அரச உடல்கள் 2021 ஏப்ரல் 3-ஆம் நாள் கெய்ரோ வீதிகளில் ஊர்வலமாகப் புதிய அருங்காட்சியகத்துக்குச் சென்றன.

அதன்பின் நூபியர், அசீரியர், பாரசீகர், கிரேக்கர் என ஆள்வோர் மாறினர். கி.மு. 332-இல் அலெக்சாந்தர் வந்தான், கி.மு. 30-இல் கிளியோபாத்ராவோடு தாலமி மரபு முடிந்து ரோம் புகுந்தது. கோயில் மட்டும் தன் சலுகையை விடவில்லை. 1799-இல் கிடைத்த ரோசெட்டா கல்லை நாம் அனைவரும் அறிவோம். மூன்று எழுத்துகளில் ஒரே செய்தியைத் தாங்கியதால் எகிப்தின் பழைய எழுத்தைத் திறந்த சாவி அது. அந்தச் செய்தி என்ன தெரியுமா? கி.மு. 196-இல் குருமார் கூடி, ஐந்தாம் தாலமி மன்னனைப் புகழ்ந்த தீர்மானம். கோயில்களுக்கு அவன் கொடுத்த கொடையும் வரிச் சலுகையுமே புகழ்ச்சிக்குக் காரணம்!

அந்தச் சாவி ஏன் தேவைப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காலப்போக்கில் சித்திர எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் கோயிலுக்குள் இருந்த சிலரே என்றாயிற்று. கி.பி. 394 ஆகஸ்டில் பிலே தீவில் பொறித்ததே கடைசிச் சித்திர எழுத்துக் கல்வெட்டு. கோயில் மூடியது, எழுத்தும் செத்தது. 1822-இல் ஷம்போலியோன் அதனைப் படித்துக் காட்டும் வரை, ஆயிரத்து நானூறு ஆண்டுகள் எகிப்தின் கல் ஊமையாக நின்றது. எழுத்தைச் சிலரின் உடைமையாகப் பூட்டிவைத்தால், அந்தச் சிலரோடு அது மாயும்.

இதே எகிப்தின் செங்கடற்கரையில், ரோமர் காலத்துத் துறைமுகமான குசைர் அல்-கதீமில் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்துள்ளன; கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் அவற்றில் உள்ளன. பெரனிகே துறைமுகத்தில் நம் நாட்டுச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. மன்னரும் இல்லை, குருமாரும் இல்லை. தம் பெயரைத் தாமே பானையில் கீறத் தெரிந்த கடல் வணிகர் அவர்கள். அந்தப் பழந்தமிழ் வழக்கத்தைப் பெருமையாகப் பேசும் நாம், எழுத்து எல்லார்க்கும் உரியதாக வேண்டும் என்பதையும் அதே மூச்சில் பேச வேண்டும்.

2025 நவம்பர் 1-ஆம் நாள், கீசாவில் பிரமிடுகளின் அருகே பெரும் எகிப்திய அருங்காட்சியகம் முறைப்படி திறக்கப்பட்டது. துத்தன்காமுனின் புதையல் முழுவதும் அங்கே ஒருசேர வைக்கப்பட்டுள்ளது. சென்று காண வாய்ப்புள்ளோர் காணட்டும், தங்கத்தை வியக்கட்டும். நம் பிள்ளைகளுக்கோ, கூபுவின் பெயரோடு மேரரின் பெயரையும், நெபர்த்தித்தியின் பெயரோடு சிற்பி துத்மோஸின் பெயரையும், மூன்றாம் ராம்சேஸின் பெயரோடு அமென்னக்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போம். மன்னர்கள் என்றும் வாழ்வதற்காகக் கேட்டது மலையளவு கல். தொழிலாளர் அன்று வாழ்வதற்காகக் கேட்டது ஐந்தரை மூட்டை தானியம். நம் வகுப்பறைகளில் இனி இரண்டு கணக்கும் நடக்கட்டும்.